மாடம் முதல் சாளை வரை

உரைநடை உலகம்

நுழையும்முன்

வெயிலையும் மழையையும் தடுப்பது கூரை. அக்கூரையின் கீழ் வாழும் இடத்திற்கு மக்கள் இட்ட பெயர்களோ பல. இல்லம், மனை, குடில், மாளிகை, பங்களா, காலனி என நீளும் அப்பெயர்கள் கட்டடத்தின் வடிவத்தை மட்டும் உணர்த்தவில்லை. அதில் வாழ்வோரைச் சமூகம் எவ்வாறு மதித்தது என்பதையும் உணர்த்துகின்றன. தமிழும் மலையாளமும் நெருங்கிப் பழகிய குமரி மாவட்டத்தில் இவ்வுண்மை தெளிவாகத் தெரிகிறது. உறைவிடச் சொற்களின் பிறப்பு, உயர்வு, தாழ்வு, மீட்சி ஆகியவற்றை ஆராய்கிறது இப்பாடம்.

உறைவிடத்திற்குத் தமிழ் தந்த பெயர்கள்

தமிழில் உறைவிடத்தைக் குறிக்கும் சொற்கள் மிகப் பல. இல், அகம், மனை, குடி, உறையுள், குடில், குரம்பை, மாடம், மாளிகை என்பன அவற்றுட் சில. இவை ஒருபொருட் பன்மொழிகள் போலத் தோன்றினும், ஒவ்வொன்றும் தனக்கெனப் பொருட்சாயல் உடையது. ‘இல்’ என்னும் சொல்லிலிருந்து இல்லம், இல்லறம், இல்லாள் ஆகியவை பிறந்தன. ‘மனை’ என்பது வீட்டையும் வீடு எழும்பும் நிலத்தையும் ஒருங்கே குறித்தது. மனைவி என்னும் சொல்லும் அதன் வழிவந்ததே. ‘விடு’ என்னும் வினையடியாகப் பிறந்த ‘வீடு’, உழைத்தவர் தம் சுமையை இறக்கிவைக்கும் இடமாயிற்று. பற்றுகளை விட்ட நிலையாகிய பேரின்பத்திற்கும் அதுவே பெயராயிற்று.

‘குடி’ என்னும் சொல்லின் பயணம் இவை எல்லாவற்றினும் நெடியது. முதலில் ஒரு வீட்டைக் குறித்த அது, பின் அவ்வீட்டில் வாழும் குடும்பத்தையும், குடும்பங்கள் சேர்ந்த ஊரையும், ஊரில் வாழும் மக்களையும் குறித்தது. இன்று குடிமகன், குடிமகள், குடியரசு என அரசியல் சொற்களாகவும் வழங்குகிறது. ஒரு சிறு வீட்டின் பெயர் ஒரு நாட்டின் ஆட்சிமுறைக்கே பெயராகியிருப்பது எண்ணத்தக்கது. குமரி மாவட்டத்தின் மணக்குடி, இடலாக்குடி ஆகிய ஊர்ப்பெயர்களில் இச்சொல் இன்றும் வாழ்கிறது. ஆங்கிலத்தில் ‘ஹோம்’ என்னும் சொல்லும் இவ்வாறே வளர்ந்தது. அதன் பழைய வடிவமான ‘ஹாம்’ வீட்டையும் சிற்றூரையும் குறித்தது. பர்மிங்ஹாம், நாட்டிங்ஹாம் என்னும் நகரப்பெயர்களின் ஈற்றில் நிற்பது அச்சொல்லே.

சங்க இலக்கியமாகிய பெரும்பாணாற்றுப்படை, பரிசில் பெறச் செல்லும் பாணன் வழியில் காணும் உறைவிடங்களை வரிசையாகக் காட்டுகிறது. வேட்டுவர், ஆயர், உழவர், வலைஞர், அந்தணர் எனப் பல திறத்தாரின் வீடுகளும் அவற்றில் அவனுக்குக் கிடைக்கும் உணவும் அதில் இடம்பெறுகின்றன. புல் வேய்ந்த வீடு, தழை வேய்ந்த வீடு எனக் கூரையும் சுவரும் நிலத்துக்கு நிலம் மாறுகின்றன. ஆனால் வந்தவனுக்கு உணவளிக்கும் பண்பு எங்கும் ஒன்றாகவே இருக்கிறது. வீட்டின் சிறுமை அதில் வாழ்வோரின் சிறுமையாகாது என்பதை அப்பாட்டு உணர்த்துகிறது.

குமரி நிலமும் வீடும்

நாஞ்சில் என்பது கலப்பையைக் குறிக்கும் சொல். தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்களின் நெல்வயல் சூழ்ந்த பகுதி நாஞ்சில் நாடு எனப்படும். அதன் மேற்கே கல்குளம், விளவங்கோடு பகுதிகள் மேடும் பள்ளமுமாகத் தென்னையும் பலாவும் செறிந்து விளங்குகின்றன. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் பெய்யும் மாவட்டம் இது. ஆதலின் இங்குள்ள பழைய வீடுகள் சரிவு மிகுந்த கூரையும், சுவரை மழை நனைக்காதவாறு தாழ்ந்து நீண்ட இறவாரமும் கொண்டவையாக அமைந்தன. கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் ஒவ்வொரு வீடும் தனித்தனித் தோட்டத்தின் நடுவே நின்றது. அத்தோட்டத்திற்கு ‘விளை’ என்று பெயர். திருவிதாங்கூர் வருவாய்த்துறை வயலை ‘நிலம்’ என்றும், வீடும் மரங்களும் உள்ள மேட்டுநிலத்தைப் ‘புரையிடம்’ என்றும் பகுத்தது.

‘புரை’ என்பது வீடு, அறை ஆகிய பொருள்களைத் தரும் பழந்தமிழ்ச் சொல். தமிழகத்தின் பிற பகுதிகளில் வழக்கொழிந்த அச்சொல் குமரியிலும் கேரளத்திலும் நிலைத்தது. ஓலை வேய்ந்த வீடு ஓலைப்புரை. வளாகத்தின் நுழைவாயிலில் அமைந்த சிறுகட்டடம் படிப்புரை. பலருக்கு உணவளிக்கும் கூடம் ஊட்டுப்புரை.

இச்சொற்களை எல்லாம் ஒரே இடத்தில் காண விரும்புவோர் தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குச் செல்லலாம். 1601ஆம் ஆண்டளவில் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில் தொடங்கிய அவ்வரண்மனை, 18ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்டவர்மர் காலத்தில் விரிவாகப் புதுப்பிக்கப்பட்டது. 1795ஆம் ஆண்டு தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறும் வரை திருவிதாங்கூரின் ஆட்சி இங்கிருந்தே நடைபெற்றது. பெரும்பகுதி மரத்தால் ஆகிய அவ்வளாகத்தின் ஒவ்வொரு கட்டடத்திற்கும் தனிப்பெயர் உண்டு. அரசர் அமைச்சரோடு கலந்தாய்ந்த இடம் மந்திரசாலை. முகப்பு மண்டபம் பூமுகம். நான்கு நிலைகளாக உயர்ந்தது உப்பரிகை மாளிகை. மிகப் பழைய பகுதி தாய்க்கொட்டாரம். அது நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு கட்டுகள் அமைந்த ‘நாலுகெட்டு’ வகையைச் சார்ந்தது. தமிழ்நாட்டார் ‘இரண்டு கட்டு வீடு’, ‘மூன்று கட்டு வீடு’ என்பதில் வரும் ‘கட்டு’ என்பதே அங்குக் ‘கெட்டு’ எனத் திரிந்தது. இரண்டு தளங்களில் ஒரே நேரத்தில் 2000 பேர் அமர்ந்து உண்ணும் அளவுடையது எனப்படுவது அவ்வரண்மனையின் ஊட்டுப்புரை.

இங்கு ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். அரசரின் அரண்மனைக்குள் ‘புரை’ என்னும் சொல் பெருமையோடு நிற்கிறது. அதே சொல் மதிலுக்கு வெளியே வேறொரு மதிப்பைப் பெற்றிருந்தது.

சொற்களின் ஏணி

மலபார் மாவட்டத்தின் ஆட்சியராகப் பணியாற்றிய வில்லியம் லோகன், 1887ஆம் ஆண்டு வெளிவந்த ‘மலபார்’ என்னும் நூலில் வியப்புக்குரிய செய்தி ஒன்றைப் பதிவுசெய்துள்ளார். வீடு என்னும் ஒரே பொருளுக்கு, அதில் வாழ்வோரின் சாதிக்கேற்ப வெவ்வேறு பெயர் வழங்கிற்று என்பதே அச்செய்தி. அவர் தரும் விவரத்தின் சுருக்கம் வருமாறு:

அரசர் வாழ்ந்தது கோவிலகம் அல்லது கொட்டாரம்.
நம்பூதிரிகள் வாழ்ந்தது இல்லம். அவர்களுள் உயர்நிலையினர் வாழ்ந்தது மனை.
கோயிற்பணியாளர் வாழ்ந்தது வாரியம், பிஷாரம்.
நாயர் வாழ்ந்தது வீடு அல்லது பவனம். அவர்களுள் அதிகாரம் உடையோர் வாழ்ந்தது இடம்.
கைவினைஞரும் கள்ளிறக்குவோரும் வாழ்ந்தது புரை அல்லது குடி.
வயலில் அடிமைகளாக உழைத்தோர் வாழ்ந்தது சாளை.
ஊருக்குப் புறத்தே ஒதுக்கப்பட்டோர் வாழ்ந்தது சேரி.

இப்பட்டியலை மீண்டும் ஒருமுறை நோக்குக. இல்லம், மனை, வீடு, இடம், புரை, குடி, சேரி ஆகியவை தமிழர் நன்கறிந்த சொற்கள். அவற்றுள் எதுவும் பிறப்பால் உயர்ந்ததும் அன்று, தாழ்ந்ததும் அன்று. தமிழில் ஏழையின் வீடும் இல்லமே. செல்வரின் வீடும் இல்லமே. ஆனால் மக்களைப் படிநிலையில் அடுக்கிய சமூகம், அவர்தம் வீட்டின் பெயர்களையும் அதே ஏணியில் அடுக்கிவிட்டது. ஒருவர் தம் வீட்டை என்ன சொல்லால் குறிக்கிறார் என்பதைக் கேட்ட அளவிலேயே அவரை எங்கு நிறுத்துவது என்று முடிவுசெய்ய அந்த ஏணி பயன்பட்டது.

லோகன் எழுதியது மலபாரைப் பற்றி. தென்திருவிதாங்கூரிலும் இந்நிலையே இருந்தது. இலண்டன் மிஷன் சங்கத்தைச் சார்ந்த சாமுவேல் மேட்டீர், திருவிதாங்கூர் மக்களின் வாழ்வை 1871இல் வெளிவந்த நூலில் எழுதினார். அடிமைகளாக நடத்தப்பட்டோர் உயர்சாதியினர் முன் பேசும்போது தம்மை ‘நான்’ என்று சொல்ல இயலாது. ‘அடியேன்’ என்றே சொல்லவேண்டும். தம் சோற்றைச் ‘சோறு’ என்று சொல்ல இயலாது. தம் பிள்ளைகளைக்கூட இழிவான பெயரால் குறிக்கவேண்டும். தம் உறைவிடத்தை ‘மாடம்’ என்று சொல்லவேண்டும். அங்கு அச்சொல்லுக்குக் குடிசை என்று பொருள்.

தமிழ் இலக்கியம் கற்ற எவரையும் இச்செய்தி திடுக்கிடச் செய்யும். தமிழில் மாடம் என்பது பல நிலைகள் கொண்ட உயர்ந்த கட்டடம். மதுரையின் சிறப்பையும் புகாரின் செல்வத்தையும் பாடிய புலவர்கள் மாடங்களையே பாடினர். அத்தகைய சொல் மேற்குமலையின் ஒருபுறத்தே வயற்காவலுக்கு இட்ட பரணையும், மரக்கிளையில் கட்டிய ஏறுமாடத்தையும் குறித்து, இறுதியில் உழைப்போரின் குடிசைக்குப் பெயராயிற்று. இதில் மற்றொரு கொடுமையும் உண்டு. தென்திருவிதாங்கூரின் உழைக்கும் மக்களுள் பலர், ஒரு நிலைக்கு மேல் வீடு கட்டக்கூடாது என்று தடுக்கப்பட்டிருந்தனர். தமிழ்ப்பொருளில் மாடம் கட்டுவதற்கு அவர்களுக்கு உரிமை இல்லை. மாடம் என்னும் சொல்லை இழிபொருளில் சொல்வதோ அவர்களுக்குக் கட்டாயம்.

> தெரிந்து தெளிவோம்
>
> உறைவிடச் சொற்களில் படிநிலை ஏறுவது தமிழகத்திற்கோ கேரளத்திற்கோ மட்டும் உரியதன்று. இலத்தீன் மொழியில் ‘வில்லா’ என்பது பண்ணையையும் பண்ணைவீட்டையும் குறித்தது. அப்பண்ணையில் உழைத்த குடியானவர் அச்சொல்லின் வழியே பெயர் பெற்றார். அவரை இழிவாகக் கருதிய நிலவுடைமைச் சமூகத்தில் அப்பெயர், கீழ்மகன் என்றும் பின் தீயவன் என்றும் பொருள்மாறி ஆங்கிலத்தில் ‘வில்லன்’ ஆயிற்று. ஒரே வேரிலிருந்து பிறந்த இரு சொற்களில், வீட்டின் பெயர் செல்வத்தின் அடையாளமாகவும் உழைத்தவரின் பெயர் தீமையின் அடையாளமாகவும் நிலைத்தன.

ஏறிய சொல்லும் இறங்கிய சொல்லும்

சொற்கள் ஓரிடத்தில் நிற்பவை அல்ல; காலந்தோறும் இடந்தோறும் ஏறியும் இறங்கியும் வருபவை. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி செல்லும் வழியில் கொட்டாரம் என்னும் பேரூர் உள்ளது. கொட்டாரம் என்பது தானியக் களஞ்சியம் என்னும் பொருளுடைய வடசொல்லின் திரிபு என்பர். தமிழகத்தின் நெல்விளையும் பகுதிகளில் நெல் சேர்த்துவைக்கும் இடத்தைக் குறித்த அச்சொல், திருவிதாங்கூரில் அரண்மனையைக் குறித்தது. களஞ்சியம் கொட்டாரமாகிக் கொட்டாரம் அரண்மனையாயிற்று. இஃது ஏறிய சொல்.

‘சேரி’ இறங்கிய சொல். பலர் சேர்ந்து வாழும் இடம் என்பதே அதன் முதற்பொருள். காஞ்சிபுரம் அருகிலுள்ள உத்திரமேரூரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை. குடவோலை முறையை விளக்கும் அக்கல்வெட்டுகள், அந்தணர் ஊராகிய அவ்வூர் 30 குடும்புகளையும் 12 சேரிகளையும் கொண்டிருந்தது என்கின்றன. அந்தணர் வாழ்ந்த தெருத்தொகுதிகளே அன்று சேரி எனப்பட்டன. நாகர்கோவில் நகரின் வடசேரியும் ஒழுகினசேரியும் அப்பழம்பொருளை இன்றும் காத்துநிற்கின்றன. வடசேரிப் பேருந்து நிலையத்தில் இறங்குவோர் எவரும் அப்பெயரில் இழிவைக் காண்பதில்லை. ஆனால் பிற இடங்களில் அதே சொல், வசதிகள் மறுக்கப்பட்டுப் புறத்தே தள்ளப்பட்டோரின் வாழிடத்திற்கு மட்டும் உரியதாகச் சுருங்கியது.

‘சாளை’ என்பதும் நோக்கத்தக்கது. மலபாரில் அடிமைகளின் குடிசையைக் குறித்த அச்சொல், கொங்கு நாட்டில் உழவர் தம் தோட்டத்தில் கட்டிய வீட்டைக் குறிக்கிறது. அங்குத் ‘தோட்டத்துச் சாளை’ என்று சொல்வோர் தம் நிலத்தின் உரிமையோடு சொல்கின்றனர். எனவே சொல்லின் மதிப்பை முடிவுசெய்வது அதன் ஒலியுமன்று, வேருமன்று. அச்சொல்லால் சுட்டப்படுவோருக்கு நிலமும் உரிமையும் உண்டா இல்லையா என்பதே.

கடல் கடந்த சொற்கள்

ஐரோப்பியர் வருகைக்குப் பின் புதிய உறைவிடச் சொற்கள் தமிழில் புகுந்தன. அவற்றுள் ‘பங்களா’ நம் நாட்டிலிருந்தே சென்று திரும்பிய சொல். வங்காளத்துப் பாணியில் தாழ்ந்த கூரையோடு கட்டப்பட்ட எளிய வீட்டை அது குறித்தது. ஆங்கிலேயர் அச்சொல்லை எடுத்துக்கொண்டு, தம் அதிகாரிகளின் அகன்ற தாழ்வாரம் கொண்ட வீடுகளுக்குப் பெயராக்கினர். இன்று இங்கிலாந்தில் ஒரே தளமுள்ள எளிய வீடு பங்களா. தமிழிலோ செல்வர் வாழும் பெரிய வீடே பங்களா. ஒரே சொல் இரு நாடுகளில் இரு வேறு மதிப்புகளைப் பெற்றுள்ளது.

பங்களா மலைத்தோட்டங்களுக்கும் சென்றது. 19ஆம் நூற்றாண்டில் குமரி மாவட்டத்து அசம்பு மலையிலும், இலங்கையின் மலையகத்திலும் ஐரோப்பியர் காப்பித் தோட்டங்களை அமைத்தனர். இலங்கைத் தோட்டங்களில் துரையின் வீடு பங்களா எனப்பட்டது. தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளருக்கு ஒற்றையறை வீடுகள் வரிசையாகக் கட்டித்தரப்பட்டன. வரிசை என்னும் பொருளுடைய ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல்லே ‘லயன்’, ‘லயம்’ என்று அவ்வீடுகளுக்குப் பெயராயிற்று. ஒரு மலையில் ஒரே மொழியிலிருந்து வந்த இரு சொற்கள், அதில் வாழ்ந்த இருவகை மக்களைப் பிரித்துக் காட்டின. லயத்தை விடுத்துத் தனி வீடும் காணியும் பெறவேண்டும் என்பது மலையகத் தமிழரின் நீண்டகாலக் கோரிக்கை. அது ஒரு பெயரிலிருந்தும் பெறும் விடுதலையாகும்.

தலைநகர் சென்னையில் ‘மேன்ஷன்’ என்னும் சொல் நேர்மாறாக இறங்கியது. ஆங்கிலத்தில் பெருஞ்செல்வரின் மாளிகையைக் குறிக்கும் அது, திருவல்லிக்கேணியில் வேலைதேடி வந்த இளைஞர் சிறு அறைகளில் சேர்ந்து தங்கும் விடுதியைக் குறிக்கிறது. மாடம் மேற்கே சென்று குடிசையானது போல, மேன்ஷன் கிழக்கே வந்து ஒற்றையறையாயிற்று.

‘காலனி’ என்னும் சொல்லின் வரலாறு இவற்றினும் துயரமானது. இலத்தீன் மொழியில் உழவரைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்து, உழவர் குடியேறிய புதுநிலத்தைக் குறித்த சொல் அது. பின் ஒரு நாடு மற்றொரு நாட்டை அடிமைப்படுத்திய நிலத்துக்குப் பெயராயிற்று. தமிழகத்தில் நகரின் புதிய குடியிருப்புகள் பலவும் காலனி எனப்பட்டன. அவ்விடத்தே அப்பெயருக்குக் குறையில்லை. ஊர்ப்புறத்திலோ ‘ஊர்’ என்றும் ‘காலனி’ என்றும் இரண்டாகப் பிரித்து, ஒடுக்கப்பட்ட மக்களின் வாழிடத்தை மட்டும் சுட்டும் சொல்லாக அது மாறியது. ‘எந்த ஊர்?’ என்னும் வினாவைத் தொடர்ந்து ‘ஊரா, காலனியா?’ என்று கேட்பது, பழைய ஏணியைப் புதிய சொல்லால் மீண்டும் நிறுத்துவதே ஆகும்.

சொல்லை மீட்டோர்

இழிவு சுமத்தப்பட்ட மக்கள் அதனை வாய்மூடி ஏற்றுக்கொண்டே இருந்தனர் என்று எண்ணலாகாது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் குமரி மண்ணில் தோன்றிய அய்யா வைகுண்டர், ஒடுக்கப்பட்ட மக்களைத் தலைநிமிரச் செய்தார். தலைப்பாகை அணியும் உரிமை மறுக்கப்பட்டிருந்தோரைத் தலைப்பாகையோடு வழிபடச் செய்தார். பலரும் சேர்ந்து நீர் எடுக்கவும் சேர்ந்து உண்ணவும் வழிகாட்டினார். அவர்வழி வந்தோரின் வழிபாட்டிடங்களுக்குப் ‘பதி’ என்றும் ‘தாங்கல்’ என்றும் பெயர். சாமிதோப்புப் பதி அவற்றுள் தலைமையானது. ஊர்தோறும் அமைந்த நிழல் தாங்கல்கள் வழிபாட்டுக்கும் உணவளிப்புக்கும் கல்விக்கும் இடமளித்தன. பதி என்பது உறைவிடம், ஊர் ஆகிய பொருள்களைத் தரும் பழந்தமிழ்ச் சொல். நிழல் தந்து தாங்கும் இடம் என்பது நிழல் தாங்கலின் பொருள். வீட்டின் பெயரால் தாழ்த்தப்பட்ட மக்கள், உறைவிடம் என்னும் பொருளுடைய சொல்லைத் தம் புனித இடத்திற்கே பெயராக்கி உயர்த்தினர்.

சட்டமும் பின்னர் அவ்வழி நடந்தது. 1855ஆம் ஆண்டு திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. 1956 நவம்பர் முதல் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. கல்வியும் நில உரிமையும் பரவப் பரவ, கூரைகள் மாறின. ஓலை ஓடாகி, ஓடு கற்காரையாயிற்று. இன்று குமரி மாவட்டத்தில் யார் வீட்டைக் குறித்தாலும் ‘வீடு’ என்றே சொல்கின்றனர். லோகன் காலத்து மலபாரில் ஒரு சாதியாருக்கு மட்டும் உரியதாயிருந்த சொல் அது. அச்சொல்லை எல்லாரும் இயல்பாக ஆள்வது வெறும் வழக்கு மாற்றமன்று. அது ஒரு சமூக வெற்றி.

தமிழ்நாடு அரசும் உறைவிடச் சொற்களில் கருத்துச் செலுத்தியுள்ளது. எல்லாச் சாதியினரும் ஒரே அளவான வீடுகளில் அடுத்தடுத்து வாழும் பெரியார் நினைவு சமத்துவபுரம் திட்டம் 1997இல் அறிமுகமாயிற்று. ஒவ்வொன்றிலும் 100 வீடுகள் கட்டப்பட்டன. 1970ஆம் ஆண்டு தோன்றிய குடிசை மாற்று வாரியம், 2021இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறியது. குடிசை என்னும் சொல்லின் இடத்தில் வாழ்விடம் என்னும் சொல் வந்தது. 2025 ஏப்ரலில், இழிவுச்சொல்லாக மாறிவிட்ட ‘காலனி’ அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்னும் அறிவிப்பு சட்டப்பேரவையில் வெளியிடப்பட்டது.

ஆயினும் பெயர் மாறுவதால் மட்டும் நிலை மாறிவிடாது என்பதைக் குமரிக் கடற்கரை நமக்கு நினைவூட்டுகிறது. 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி முதலிய கடலோர ஊர்களைச் சிதைத்தது. உறவுகளையும் வீடுகளையும் இழந்தோருக்குப் புதிய வீடுகள் எழுந்தன. அவ்வீடுகள் ‘சுனாமி குடியிருப்பு’, ‘சுனாமி காலனி’ என வழங்கலாயின. பேரலையை நேரில் கண்டிராத குழந்தையும் அதன் பெயரைத் தன் முகவரியில் சுமக்கிறது. வீட்டைக் கட்டித்தருவது கடமை. அவ்வீட்டுக்கு அதில் வாழ்வோர் விரும்பும் பெயர் அமைவதும் அக்கடமையின் பகுதியே.

நிறைவாக

புரை, குடி, சேரி, சாளை, மாடம் ஆகிய அனைத்தும் தமிழின் செல்வங்கள். அவற்றின்மேல் படிந்த இழிவு மனிதர் படியவைத்தது. ஆதலின் மனிதரால் நீக்கத்தக்கது. சொல்லின் வரலாற்றை அறிந்தவர், ஒருவர் வாழும் இடத்தின் பெயரைக் கொண்டு அவரை அளக்கமாட்டார். ஒருவரின் முகவரியைக் கேட்பதன் நோக்கம் அவர் வீட்டிற்கு வழியறிதல். அவரை நிறுத்தும் இடத்தை அறிதலன்று. அந்நிலை எங்கும் நிலைபெறும் நாளில்தான் எல்லா வீடுகளும் உண்மையில் வீடுகளாகும்.

சொல்லும் பொருளும்

குரம்பை – சிறு குடில்
இறவாரம் – சுவருக்கு வெளியே நீண்டு தாழ்ந்த கூரையின் விளிம்பு
உப்பரிகை – மேல்மாடம்
விளை – தோட்ட நிலம்
பதி – உறைவிடம், ஊர்
காணி – உரிமை நிலம்
ஆழிப்பேரலை – சுனாமி

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலும் அருகிலுள்ள ஊர்களிலும் குடி, சேரி, பாடி, விளை, புரம், பாக்கம் என முடியும் ஊர்ப்பெயர்களைத் திரட்டி, அவற்றின் பொருளை வகுப்பில் எடுத்துரைக்க.
2. உங்கள் வீட்டு முதியோரிடம் பழைய வீட்டின் பகுதிகளுக்கு வழங்கிய பெயர்களைக் கேட்டறிந்து, படத்துடன் தொகுப்பேடு உருவாக்குக.
3. ‘வாழிடத்தின் பெயர் மாற்றம் வாழ்வை மாற்றுமா?’ என்னும் தலைப்பில் இரு அணிகளாகப் பிரிந்து கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. தாய்க்கொட்டாரம் அமைந்துள்ள இடம்
அ) இரணியல்  ஆ) பத்மநாபபுரம்  இ) சுசீந்திரம்  ஈ) வடசேரி

2. பொருத்துக.
(க) கொட்டாரம் – 1. வரிசை வீடு
(ங) லயம் – 2. தோட்ட நிலம்
(ச) விளை – 3. அரண்மனை
அ) 3, 1, 2  ஆ) 1, 2, 3  இ) 2, 3, 1  ஈ) 3, 2, 1

குறுவினா

1. ‘குடி’ என்னும் சொல் பெற்ற பொருள் வளர்ச்சியைக் குறிப்பிடுக.
2. ‘நாலுகெட்டு’ என்பது யாது? அதில் வரும் ‘கெட்டு’ என்பதன் மூலச்சொல் எது?

சிறுவினா

1. சேரி என்னும் சொல்லின் பொருள் இறக்கத்தை உத்திரமேரூர்க் கல்வெட்டு, நாகர்கோவில் ஊர்ப்பெயர்கள் ஆகியவற்றின் துணையுடன் விளக்குக.
2. பங்களா, மேன்ஷன் ஆகிய சொற்கள் இடத்திற்கேற்ப மதிப்பு மாறியதைப் புலப்படுத்துக.

நெடுவினா

1. ‘சொல்லில் இழிவில்லை, சுமத்தியவர் மனத்திலேயே இழிவு’ – இக்கூற்றை உறைவிடச் சொற்களின் வரலாற்றைக் கொண்டு நிறுவுக.
2. வாழிடத்தின் பெயரால் நேர்ந்த இழிவை நீக்க, குமரி மண்ணிலும் தமிழ்நாட்டிலும் மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளைத் தொகுத்து எழுதுக.